பால்மாப் பரிசோதனையும் அதன் எல்லையும்

தாய்ப்பால் கிடைக்கப்பெறாத சிசுவுக்குப் பால்மாவே முதல் மாதங்களில் முழுமையான உணவாகும். வளர்ந்தோர் பல்வகை உணவுகளை உண்பர். ஆதலின் அவற்றுள் ஒன்றிலுள்ள குற்றம் அவர்களை அதிகம் தாக்குவதில்லை. சிசுவுக்கோ அத்தகைய காப்பு இல்லை. மேலும், அது தன் உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் பாலை அருந்துகின்றது. ஆகவே, பெரியோர்க்கு ஊறு செய்யாத நுண்ணளவு நஞ்சும் சிசுவுக்கு ஊறு செய்தல் கூடும். இதனாலேயே பால்மாவைப் பரிசோதித்தல் இன்றியமையாததாகின்றது. எனினும் அப்பரிசோதனை எதனை உரைக்கும், எதனை உரைக்காது என்பதையும் நாம் அறிதல் வேண்டும்.

1955ஆம் ஆண்டில் யப்பானின் மேற்குப் பகுதிகளிற் சிசுக்கள் பலர் காய்ச்சலாலும் வயிற்றோட்டத்தாலும் வருந்தினர்; அவர்தம் தோலும் கருமையடைந்தது. அவர்கள் அருந்திய மொறிநாகா நிறுவனத்துப் பால்மாவில் ஆசனிக்கு நஞ்சு கலந்திருந்தமை ஒகயாமா பல்கலைக்கழகத்தாராற் கண்டறியப்பட்டது. பாலின் தன்மை மாறாதிருத்தற்பொருட்டுச் சேர்க்கப்பட்ட சோடியம் பொசுபேற்றே அந்நஞ்சைக் கொணர்ந்தது. பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட சிசுக்கள் பாதிப்புற்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சேர்பொருள் தூயதென நம்பப்பட்டதேயன்றிச் சோதிக்கப்படவில்லை.

சோதிக்கப்படாமையால் விளைந்த கேடு அஃதாயின், சோதனை நடந்தும் விளைந்த கேடு 2008ஆம் ஆண்டிற் சீனாவில் நேர்ந்ததாகும். அதனை விளங்குதற்குப் புரதத்தை அளக்கும் முறையை அறிதல் வேண்டும். தென்மார்க்கு நாட்டு இரசாயன அறிஞர் யோகான் கெல்டால் 1883இல் வகுத்த முறையின்படி, உணவு செறிந்த சல்பூரிக்கமிலத்திற் கொதிக்க வைக்கப்படும். அதிலுள்ள நைதரசன் பின்னர் அமோனியாவாகப் பிரித்து அளக்கப்படும். பாலைப் பொறுத்தவரை, அவ்வளவை 6.38 என்னும் எண்ணாற் பெருக்கிப் புரதத்தின் அளவு கணிக்கப்படும். இம்முறை அளப்பது நைதரசனையே; புரதத்தை அன்று.

இவ்விடைவெளியையே வஞ்சகர் பயன்படுத்தினர். பாலில் நீரைக் கலந்து, குறைந்த புரதத்தை மறைத்தற்கு மெலமீன் என்னும் பொருளைச் சேர்த்தனர். பிளாஸ்ரிக் கோப்பைகள் செய்ய உதவும் அப்பொருளின் நிறையில் மூன்றில் இரு பங்கு நைதரசனாகும். ஆகவே 1 கிராம் மெலமீன், கெல்டால் முறையில் 4 கிராமுக்கு மேற்பட்ட புரதமாகத் தோற்றும். சிசுக்களின் சிறுநீரகங்களில் அது யூரிக்கமிலத்துடன் கூடிக் கல்லாயிற்று. ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் பாதிப்புற்றனர். அறுவர் இறந்தனரென அரசு அறிவித்தது. இதற்கு முந்திய ஆண்டிலேயே வட அமெரிக்காவில் நாய், பூனை முதலியவற்றின் உணவில் மெலமீன் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அவ்வினா சிசுவின் பாலை நோக்கி எழுப்பப்படவில்லை. பால்மாவில் மெலமீன் கிலோகிராமுக்கு 1 மில்லிகிராமை விஞ்சலாகாதென்னும் சர்வதேச வரம்பு 2010இலேயே வகுக்கப்பட்டது.

இன்று கருவிகள் பெரிதும் திருந்தியுள்ளன. பால்மாக் கரைசலிலுள்ள பொருள்களை ஒன்றினின்று ஒன்று பிரித்து, ஒவ்வொன்றின் மூலக்கூற்றுத் திணிவையும் அதன் சிதைவுகளையும் கொண்டு திணிவு நிறமாலைமானி அதனை இனங்காணும். பீடைநாசினிகள் பலவற்றின் எச்சங்களை ஒரே சோதனையில் தேடலாம். ஐரோப்பிய ஒன்றியம் சிசு உணவில் ஒவ்வொரு பீடைநாசினிக்கும் பொதுவாக விதித்த வரம்பு கிலோகிராமுக்கு 0.01 மில்லிகிராமாகும், அஃதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. நச்சுத்தன்மை மிக்க சிலவற்றுக்கு வரம்பு இதனினுங் குறைவு.

இத்துணை நுண்ணிய கருவியும் பெரும்பாலும் தனக்குத் தரப்பட்ட பட்டியலிலுள்ள பொருள்களையே தேடுகின்றது. அன்றியும், சோதிக்கப்படுவது ஒரு சிறு மாதிரியே. மாசு எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்குமென்பதற்கு உறுதியில்லை. ஆதலின் “எச்சம் காணப்படவில்லை” என்னும் சான்று, குறித்த பொருள் குறித்த மாதிரியிற் கருவியின் எல்லைக்குட்பட்டுக் காணப்படவில்லை என்றே பொருள்படும்.

எனவே, இறுதிச் சோதனை ஒன்றையே நம்பியிருத்தல் போதாது. பால் கறக்கும் இடமும், சேர்பொருள் வாங்கும் இடமும், பொதி செய்யும் இடமும் ஒருங்கே கண்காணிக்கப்படல் வேண்டும். சோதனைச்சாலை கேட்ட வினாவுக்கே விடை தரும். தக்க வினாவைக் கேட்டல் மனிதர் கடனாகும்.