பீரோவில் கிடக்கும் கேசட்டும் எடிட்டிங்கும்

கேம்கார்டரில் எடுத்த படம் அப்படியே எடிட்டிங் மென்பொருளுக்கு ஒத்துவருவது அரிது. முதலில் அதைக் கம்ப்யூட்டருக்குள் இறக்க வேண்டும்; பிறகு வெட்டி ஒட்டத் தோதான வடிவத்துக்கு மாற்ற வேண்டும். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துப் பீரோக்களில் காதுகுத்தும் கல்யாணமும் எந்த ரகத்தில் பதிவாகிக் கிடக்கின்றனவோ, அதைப் பொறுத்து வேலை கூடும், குறையும்.

வி.எச்.எஸ்., ஹை-8 கேசட்டுகள் அனலாக். ஓடவிட்டு, மஞ்சள்-வெள்ளை-சிவப்பு வயர் வழியாக கேப்சர் கருவியில் பிடிக்க வேண்டியதுதான். ஒரு மணி நேர கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையில் வி.சி.ஆர். தயாரிப்பை நிறுத்திவிட்டதால், பழைய பிளேயரைப் பழுது பார்த்துத்தான் ஓட்டியாக வேண்டும். கரிசல் காட்டுத் தூசி ஹெட்டில் ஏறினால் படம் கோடு கோடாக இழுக்கும். கேசட்டை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றி, ஹெட்டையும் துடைத்த பிறகு தொடங்குவது நல்லது.

1995-இல் வந்தது மினிடிவி கேசட். பெயரில் உள்ள ‘டிவி’ தொலைக்காட்சி அல்ல, டிஜிட்டல் வீடியோ. ஃபயர்வயர் கேபிளில் எடுத்தால் தரம் துளியும் குறையாது. ஒரு மணி நேரப் படம் ஏறத்தாழ 13 ஜி.பி. பிடிக்கும். அதே கேமராவில் யு.எஸ்.பி. துளையைப் பார்த்து ஏமாறுபவர்கள் உண்டு. பல மாடல்களில் அது போட்டோவைக் கம்ப்யூட்டருக்கு இறக்குவதற்கு மட்டுமே.

சோனியும் பானசோனிக்கும் 2006-இல் அறிவித்த ஏவிசிஎச்டி, மெமரி கார்டில் எம்டிஎஸ் கோப்புகளாக இறங்கும். இதில் சில ஃப்ரேம்கள் மட்டுமே முழுப் படம். மற்றவற்றில் மாறிய பகுதி மட்டும் இருக்கும். நடுவில் எங்கே வெட்டினாலும் கம்ப்யூட்டர் முன்பின் ஃப்ரேம்களைக் கூட்டிப் படத்தை உருவாக்கியாக வேண்டும்; பழைய கம்ப்யூட்டர் அங்கே திக்கும். ஒவ்வொரு ஃப்ரேமும் முழுதாக உள்ள புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்டி வடிவத்துக்கு மாற்றினால் கோப்பு பல மடங்கு பெருத்தாலும் வேலை வழுக்கிக்கொண்டு போகும். மென்பொருள் எம்டிஎஸ்ஸைத் திறக்க மறுப்பது மட்டுமே சிக்கல் என்றால், இவ்வளவு பாடு வேண்டாம்: இலவசமான எஃப்எஃப்எம்பெக் கொண்டு உறையை மட்டும் எம்பி4 ஆக மாற்றலாம். உள்ளே இருக்கும் படம் மறுபடி சுருக்கப்படாது. தேவையில்லாமல் சுருக்கிச் சுருக்கியே பல கல்யாணப் படங்கள் மங்கிப்போயிருக்கின்றன.

இன்னொரு சிக்கல் இன்டர்லேஸ். அருப்புக்கோட்டைத் தறியில் பாவின் ஒற்றை இழைகள் ஒருமுறை எழும், இரட்டை இழைகள் மறுமுறை எழும். பழைய வீடியோவும் அப்படித்தான்: ஒற்றைக் கோடுகள் ஒரு கணம், இரட்டைக் கோடுகள் அடுத்த கணம் என்று நொடிக்கு 50 அரைப்படங்கள். கம்ப்யூட்டர் திரையில் இரண்டும் சேர்ந்து தெரியும்போது, ஓடும் குழந்தையின் கை ஓரம் சீப்புப் பல்லாகப் பிளக்கும். இதை டி-இன்டர்லேஸ் செய்யும்போது நொடிக்கு 50 முழு ஃப்ரேமாக வைத்துக்கொண்டால் அசைவு இயல்பாக இருக்கும். 25 ஆக்கினால் பாதி அசைவு போய்விடும்.

அளவிலும் கவனம் தேவை. பால் (PAL) எனும் வீடியோ முறையில் படம் 720-க்கு 576 புள்ளி. அந்தப் புள்ளிகள் சதுரமல்ல. 768-க்கு 576 என்று விரிக்காவிட்டால் மாப்பிள்ளை முகம் ஒடுங்கித் தெரியும்.