டேப்லெட் இருக்கிறது, இணையம் இல்லையா? தோட்டத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

கேமரன் மலை, கோலா தெர்லா வட்டாரத்துத் தேயிலைத் தோட்ட வீடுகளில் மாலை நேரத்தில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். பிள்ளைக்குப் பள்ளிப் பாடம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். ஆனால், வீட்டில் இணையத்தோடு இருக்கும் ஒரே கைப்பேசி வேலைக்குப் போன அப்பாவின் பையில் இருக்கும். மேசை மேல் ஒரு டேப்லெட் சும்மா கிடக்கும். நன்கொடையாகக் கிடைத்ததோ, சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கியதோ, இணையம் இல்லாவிட்டால் அதனால் பாதிப் பயன்கூட இல்லை.

வீட்டுக்குக் கம்பி வழி இணையம் வராத இடங்களில் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, டேப்லெட்டிலேயே சிம் கார்டு போடுவது. மற்றொன்று, கைப்பேசியின் இணையத்தை ஹாட்ஸ்பாட் மூலம் டேப்லெட்டுக்குப் பகிர்வது. எது நமக்கு ஒத்துவரும் என்பதை முதலில் தெரிந்துகொண்டால் வீண் செலவைத் தவிர்க்கலாம்.

முதலில் டேப்லெட்டைச் சோதியுங்கள்

எல்லா டேப்லெட்டிலும் சிம் கார்டு போட முடியாது. பக்கவாட்டில் சிறு ஊசித் துளையோடு ஒரு தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். மெமரி கார்டுக்கும் அதே மாதிரி தட்டு இருப்பதால், செட்டிங்ஸ் பகுதியில் மொபைல் நெட்வொர்க் அல்லது சிம் என்ற தலைப்பு இருக்கிறதா என்பதையும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தத் தலைப்பே இல்லையென்றால் அது வைஃபை மட்டும் உள்ள டேப்லெட். அதற்கு ஹாட்ஸ்பாட்தான் வழி.

சிம் போட முடிந்தாலும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டு இறுதிக்குள் நிறுத்தப்பட்டது. ஆகவே, 3ஜி வரை மட்டுமே ஏற்கும் பழைய டேப்லெட்டில் எந்த சிம்மைப் போட்டாலும் இணையம் ஒழுங்காகக் கிடைக்காது. கடையில் பழைய டேப்லெட் மலிவாகக் கிடைக்கிறது என்றால், "இது 4ஜியா?" என்று கேட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள். வைஃபை வேலை செய்தால் 3ஜி டேப்லெட்டையும் ஹாட்ஸ்பாட் மூலம் பயன்படுத்தலாம். தூக்கி எறிய வேண்டியதில்லை.

சிம் கார்டு வழி

முன்கட்டண சிம் வாங்கும்போது மைகார்டு காட்டிப் பதிய வேண்டும். பெற்றோர் ஒருவர் தம் பெயரிலேயே பதிவது நல்லது. பிறர் பெயரில் பதிந்து விற்கப்படும் சிம்மை வாங்காதீர்கள். பின்னர் அந்த எண்ணில் சிக்கல் வந்தால் அதை மீட்க நமக்கு உரிமை இருக்காது.

டேப்லெட்டை அணைத்து, சிம்மைப் போட்டு, மீண்டும் திறங்கள். செட்டிங்ஸ் பகுதியில் மொபைல் டேட்டாவை இயக்குங்கள். மேலே சிக்னல் கோடுகள் தெரிந்தும் இணையம் வரவில்லையென்றால், பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஒன்று, ரிலோட் செய்த பணம் இருந்தும் டேட்டா திட்டம் எடுக்காமல் இருப்பது. மற்றது, ஏபிஎன் எனப்படும் இணைப்பு விவரம் டேப்லெட்டில் பதியாமல் இருப்பது. ஏபிஎன் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறுபடும். சிம் வாங்கிய கடையிலேயே டேப்லெட்டைக் காட்டிப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தானா ராத்தாவுக்கோ பிரிஞ்சாங்குக்கோ மறுபடியும் ஒரு நடை போவது மிச்சமாகும்.

டேப்லெட்டில் உள்ள சிம்முக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணை எழுதி வையுங்கள். ரிலோட் செய்ய அது வேண்டும். அதற்கு வரும் ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது என்று பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.

ஹாட்ஸ்பாட் வழி

கைப்பேசியில் மொபைல் டேட்டாவை இயக்கி, செட்டிங்ஸ் பகுதியில் ஹாட்ஸ்பாட்டைத் திறங்கள். பெயரும் கடவுச்சொல்லும் அங்கேயே இருக்கும். டேப்லெட்டில் வைஃபையைத் திறந்து, அந்தப் பெயரைத் தொட்டு, கடவுச்சொல்லைப் போட்டால் போதும். கடவுச்சொல் இல்லாமல் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து விடாதீர்கள். லயத்தில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருப்பதால், நம் டேட்டா பக்கத்து வீடுகளிலும் கரைந்துவிடும்.

கைப்பேசியின் பெயர் டேப்லெட்டில் தெரியவே இல்லையா? புதிய கைப்பேசிகள் சில 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஹாட்ஸ்பாட் தருகின்றன. பழைய டேப்லெட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறியும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் பேண்ட் என்ற இடத்தில் 2.4-ஐத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் மேக்சிமைஸ் கம்பாட்டிபிலிட்டி என்பதை இயக்குங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

அழைப்பு வரும்போதெல்லாம் பாடம் நின்றுபோகிறது என்றால், கைப்பேசியில் வோல்ட்டி வசதி இயங்கவில்லை என்று பொருள். அந்த வசதி இல்லாத கைப்பேசி, அழைப்பின்போது 2ஜிக்கு இறங்கிவிடும், இணையம் நின்றுவிடும். செட்டிங்ஸ் பகுதியில் அதை இயக்க முடிகிறதா என்று பாருங்கள். ஹாட்ஸ்பாட் பேட்டரியை விரைவாகத் தீர்த்துவிடும். கைப்பேசியை மின்னேற்றியில் செருகி, சூடேறாதபடி திறந்த இடத்தில் வையுங்கள்.

பணம் எங்கே போகிறது?

நான்கு நாளில் டேட்டா தீர்ந்துவிட்டது என்றதும் பிள்ளையைத் திட்டுகிறோம். பல நேரம் குற்றம் பிள்ளையுடையது அல்ல. ஹாட்ஸ்பாட்டில் இணைந்த டேப்லெட், தான் வீட்டு வைஃபையில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. வைஃபை என்றால் செலவில்லை என்று எண்ணி, செயலிகளைப் புதுப்பிக்கிறது. படங்களை மேகச் சேமிப்பில் ஏற்றுகிறது. நமக்குத் தெரியாமலே ஜிபி கணக்கில் போய்விடும்.

இதைத் தடுக்க வழி உண்டு. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் அந்த வைஃபை பெயரைத் தொட்டு, மீட்டர்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபேட் என்றால் லோ டேட்டா மோட் என்பதை இயக்குங்கள். செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதையும் நிறுத்தி வையுங்கள்.

பிறகு கணக்கைப் பார்ப்போம். பல பேர் சேர்ந்த காணொலி வகுப்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் அரை ஜிபி முதல் ஒரு ஜிபி வரை எடுக்கும். அரை ஜிபி என்றே வைத்து, நாளுக்கு ஒன்றரை மணி நேரம், வாரம் ஐந்து நாள் என்றால் வாரத்துக்கு 3.75 ஜிபி, நான்கு வாரத்துக்கு 15 ஜிபி. "வரம்பற்ற இணையம்" என்று விளம்பரம் செய்யப்படும் திட்டங்கள் பலவற்றில் ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் தனி அளவு வைத்திருப்பார்கள். அந்த அளவு 10 ஜிபி என்றால், மூன்றாம் வாரத்திலேயே கைப்பேசியில் இணையம் ஓடும், டேப்லெட்டில் ஓடாது. டேப்லெட் கெட்டுவிட்டது என்று கடைக்கு எடுத்துப் போவதற்கு முன் இதைப் பாருங்கள். திட்டம் வாங்கும்போதே "ஹாட்ஸ்பாட் எத்தனை ஜிபி?" என்று கேளுங்கள்.

மலையில் சிக்னல்

திரிங்காப்பிலிருந்து கோலா தெர்லா வழியாகக் கம்போங் ராஜா போகும் சாலையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வந்தால் தெரியும்: ஒரு வளைவில் நான்கு கோடு, அடுத்த வளைவில் ஒன்றுமில்லை. அலை மலையைத் துளைத்துக்கொண்டு வராது. கோபுரத்துக்கும் நமக்கும் இடையில் ஒரு மேடு வந்தாலே சிக்னல் மங்கும். தகரக் கூரையும் தகரச் சுவரும் இன்னும் தடுக்கும்.

இங்கேதான் ஹாட்ஸ்பாட்டின் நன்மை இருக்கிறது. சிக்னல் நன்றாக வரும் சன்னலோரத்தில் கைப்பேசியை வைத்துவிட்டு, பிள்ளை உள்ளே மேசையில் உட்கார்ந்து டேப்லெட்டில் படிக்கலாம். சிம் போட்ட டேப்லெட் என்றால் பிள்ளையே சன்னலோரக் குளிரில் உட்கார வேண்டும். எந்த நிறுவனத்தின் சிக்னல் நம் வீட்டில் நன்றாக எடுக்கிறது என்பதை விளம்பரம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதே லயத்தில் இருப்பவர்களின் கைப்பேசியை வாங்கி, நம் வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

பிள்ளை படிக்கும் நேரத்தில் கைப்பேசி வீட்டில் இருக்கும் என்றால் ஹாட்ஸ்பாட் போதும். கைப்பேசி கொழுந்துக் காட்டுக்கோ காய்கறித் தோட்டத்துக்கோ போய்விடும் என்றால், டேப்லெட்டுக்கு ஒரு சிறிய டேட்டா திட்டத்தோடு தனி சிம் போடுவது நல்லது. வைஃபை மட்டும் உள்ள டேப்லெட் என்றால், 4ஜி ஏற்கும் பழைய கைப்பேசி ஒன்றில் அந்த சிம்மைப் போட்டு வீட்டிலேயே வைத்து விடலாம். திரை கீறிய கைப்பேசியாக இருந்தாலும் பரவாயில்லை. ஹாட்ஸ்பாட் தந்தால் போதும்.

இரண்டுமே முடியாத வீடுகளும் உண்டு. நகரத்துக்குப் போகும் நாளில், இலவச வைஃபை கிடைக்கும் இடத்தில் பாடக் காணொலிகளையும் கோப்புகளையும் பதிவிறக்கி வைத்துக்கொண்டால், வீட்டில் இணையம் இல்லாமலே பார்க்கலாம். நாடி எனப்படும் சமூக இணைய மையம் அருகில் இருந்தால் அங்கேயும் செய்யலாம். சிக்னலே இல்லாத தோட்டம் என்றால், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் புகார் செய்யுங்கள். தனி ஒருவர் செய்வதைவிட, லயத்து வீடுகள் ஒவ்வொன்றும் தத்தம் முகவரியோடு புகார் கொடுத்தால் அதற்கு எடை கூடும்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, இணையம் இல்லாத பிள்ளை எப்படிப் பின்தங்குகிறது என்பதை நாடே பார்த்தது. அவ்வாண்டு சபாவில் ஒரு மாணவி இணையத்துக்காக மரத்தில் ஏறித் தேர்வெழுதிய செய்தி எல்லாரையும் உலுக்கியது. அதன்பின் மாணவர்களுக்குக் கருவிகள் கொடுக்கும் திட்டங்கள் வந்தன. கருவி கைக்கு வந்தால் மட்டும் போதாது. அதை இணையத்தோடு இணைக்கத் தெரிந்திருக்கவும் வேண்டும்.

உங்கள் வீட்டில் டேப்லெட் சும்மா கிடந்தால், இன்று இரவே எடுத்து மின்னேற்றி, இங்கே சொன்னபடி ஒருமுறை முயன்று பாருங்கள். இணைந்துவிட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள்.