மினி டிராக்டருக்குப் பின்பக்க ஹைட்ராலிக் இணைப்பு: பட்டறைக்குப் போகும் முன் படிக்க வேண்டியது

சம்பா அறுவடை முடிந்தால் சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் பக்கம் டிராக்டர்களுக்கு ஓய்வு கிடையாது. நெல்லைக் களத்துக்கு ஏற்ற வேண்டும், வைக்கோலைக் கட்ட வேண்டும், மேட்டு நிலத்துக்குத் தொழுவுரம் அடிக்க வேண்டும். இந்த நேரத்தில் மினி டிராக்டர் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "சொந்தக்காரர்கிட்ட டிப்பர் டிரெய்லர் இருக்கு, சும்மாதான் நிக்குது. ஆனா அந்த ஹோஸை மாட்ட நம்ம வண்டியில பின்னாடி இடமே இல்லையே!"

உடனே யாராவது ஒருவர், "பட்டறையில ஒரு வால்வு போட்டா முடிஞ்சது, ஒரு நாள் வேலை" என்பார். ஒரு நாள் வேலைதான். ஆனால் வால்வைத் தப்பான இடத்தில் போட்டால் பம்பு போகும், கியர்பாக்ஸ் போகும், சில நேரம் கையே போகும். அதனால் இந்த வேலையில் என்ன நடக்கிறது, என்ன கேட்க வேண்டும், அரசு சேவைகள் எங்கே உதவும் என்று இங்கே பார்ப்போம்.

பின்பக்க இணைப்பு எதற்கு?

எல்லா டிராக்டரிலும் ஹைட்ராலிக் லிஃப்ட் இருக்கிறது. ரொட்டவேட்டரையும் கலப்பையையும் தூக்குவது அதுதான். என்ஜின் ஓடும்போது ஒரு பம்பு ஆயிலை அழுத்தி அனுப்பும். அந்த ஆயில் லிஃப்ட் சிலிண்டரில் நுழைந்து கைகளைத் தூக்கும். அதே ஆயிலைக் கொஞ்சம் வெளியே எடுத்து, பின்னால் நிற்கும் டிரெய்லரின் சிலிண்டருக்கோ, ஹைட்ராலிக் ரிவர்சிபிள் கலப்பைக்கோ, வைக்கோல் கட்டும் இயந்திரத்தின் பின்கதவுக்கோ கொடுப்பதுதான் பின்பக்க இணைப்பு. ஷோரூமில் இதை ஆக்ஸிலரி வால்வு என்பார்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. டிப்பருக்குப் பெரும்பாலும் ஒற்றை ஹோஸ் போதும். ஆயில் போய்த் தொட்டியைத் தூக்கும். லிவரை விட்டால் தொட்டியின் எடையே ஆயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ரிவர்சிபிள் கலப்பை அப்படி இல்லை. அதைப் புரட்டவும் ஆயில் வேண்டும், திரும்பப் புரட்டவும் ஆயில் வேண்டும். அதற்கு இரண்டு ஹோஸ், இரண்டு கப்ளர் வேண்டும். உங்கள் கருவி எந்த வகை என்று தெரியாமல் பட்டறைக்குப் போகாதீர்கள்.

முதலில் உங்கள் வண்டியைப் பாருங்கள்

நிறைய மாடல்களில் லிஃப்ட் மூடியின் பக்கத்தில் போல்ட் போட்டு அடைத்த ஒரு துளை இருக்கும். அது டிப்பருக்காகவே கம்பெனி விட்டிருக்கும் வழி. பக்கத்தில் ஒரு சின்ன திருப்பி இருக்கும். அதைத் திருப்பினால் லிஃப்டுக்குப் போகும் ஆயில் வெளியே போகும். லிஃப்ட் லிவரையே டிப்பர் லிவராகப் பயன்படுத்தலாம். இது இருந்தால் ஒற்றை ஹோஸ் டிப்பருக்குப் புது வால்வே தேவைப்படாது. ஒரு பைப்பும் ஒரு கப்ளரும் போதும். கையேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் டீலரிடம் மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

அந்த மாடலுக்கென்றே கம்பெனி ஆக்ஸிலரி வால்வு செட் விற்கிறதா என்று கேட்பது அடுத்த வேலை. வெளிப்பட்டறை வேலையைவிட அதற்கு விலை கூடுதலாக இருக்கலாம். ஆனால் பைப், வால்வு, அழுத்தம் எல்லாம் அந்த வண்டிக்குப் பொருந்தியதாக இருக்கும். வாரண்டிப் பேச்சும் எளிதாகும்.

வெளி வால்வு போட்டால் எங்கே தப்பு நடக்கிறது?

மினி டிராக்டர்களில் பெரும்பாலானவற்றில் பம்பு நிற்காமல் ஆயிலை அனுப்பிக்கொண்டே இருக்கும். வேலை இல்லாத நேரத்தில் ஆயில் வால்வு வழியாகச் சும்மா சுற்றித் தொட்டிக்குத் திரும்பும். நடுவில் புது வால்வு வைத்தால் ஆயில் முதலில் அதற்குள் நுழைந்து, அப்புறம்தான் லிஃப்டுக்குப் போகும். இந்த இடத்தில்தான் மூன்று தவறுகள் நடக்கின்றன.

ஒன்று: வால்வில் இரண்டு வெளிவழிகள் வேண்டும். ஒன்று தொட்டிக்குத் திரும்ப, இன்னொன்று அழுத்தத்தோடு லிஃப்டுக்குப் போக. இந்த இரண்டாவது வழியை "பவர் பியாண்ட்" என்பார்கள். அது இல்லாத சாதாரண வால்வைப் போட்டு, அதன் தொட்டி வழியையே லிஃப்டுக்கு இணைத்துவிட்டால், கலப்பையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் முழு அழுத்தமும் அந்த வால்வின் தொட்டிப் பக்கத்தில் ஏறும். அந்தப் பக்கம் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. சீல் பிய்யும், வால்வு உடம்பே வெடிக்கவும் செய்யும். "பவர் பியாண்ட் இருக்கா?" என்று பட்டறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

இரண்டு: அழுத்தம் அளவைத் தாண்டினால் ஆயிலைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு. பல வண்டிகளில் இது லிஃப்ட் பக்கத்தில்தான் இருக்கும். புது வால்வின் லிவரை இழுத்ததும் ஆயில் அங்கே போகாது. அப்போது புது வால்வுக்குள்ளேயே ஒரு ரிலீஃப் இல்லை என்றால், டிப்பர் முழுக்கத் தூக்கி முட்டியதும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பம்போ பைப்போ ஏதாவது ஒன்று உடையும். அதனால் புது வால்வின் ரிலீஃப், டிராக்டருக்குக் கம்பெனி சொன்ன அழுத்தத்துக்கு மிகாமல் அமைந்திருக்க வேண்டும். அதைக் கேஜ் வைத்துப் பார்த்துத்தான் சரிசெய்ய வேண்டும், காது வைத்து இல்லை.

மூன்று: சில வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்குக்குத் தனிப் பம்பு இருக்கும். "இதுலேர்ந்து எடுத்துக்கலாம், சுலபம்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டிப்பர் தூக்கும் நேரத்தில் ஸ்டீயரிங் இறுகிப்போனால் வரப்பு எது, வாய்க்கால் எது என்று வண்டிக்குத் தெரியாது.

ஆயில் கணக்கு

பெரும்பாலான டிராக்டர்களில் ஹைட்ராலிக், கியர்பாக்ஸ், ஆயில் பிரேக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். டிப்பர் சிலிண்டருக்குள் போகும் ஆயில் கியர்பாக்ஸிலிருந்து எடுக்கப்படுகிறது. எவ்வளவு போகும் என்பதைச் சின்னக் கணக்கில் தெரிந்துகொள்ளலாம்.

சிலிண்டரின் உள்விட்டம் 80 மி.மீ., நீட்டம் 600 மி.மீ. என்றால் அது விழுங்கும் ஆயில் சுமார் 3 லிட்டர். அதுவே 100 மி.மீ. விட்டம், 1 மீட்டர் நீட்டம் என்றால் ஏறக்குறைய 8 லிட்டர். பம்பு நிமிடத்துக்கு 20 லிட்டர் தரும் என்று வைத்துக்கொண்டால், முதலாவது 9 விநாடியில் தூக்கும், இரண்டாவது 24 விநாடி எடுக்கும். நேரம் கூடுவது பெரிய விஷயம் இல்லை. பெரிய டிராக்டருக்குச் செய்த டிரெய்லரை மினி டிராக்டரில் மாட்டி 8 லிட்டரை வெளியே இழுத்தால், உள்ளே கியரும் பிரேக்கும் ஆயில் இல்லாமல் வேலை செய்யும். பம்பு காற்றை உறிஞ்சும். அதனால்தான் சில வண்டிகள் டிப்பர் தூக்கும்போது கதறுகின்றன.

தூக்கும் பலத்தைப் பொறுத்தவரை பயப்பட வேண்டாம். 80 மி.மீ. சிலிண்டர் 150 பார் அழுத்தத்தில் சுமார் 7.5 டன் தள்ளும். ஆனால் சிலிண்டர் தள்ளுவதும் மினி டிராக்டர் இழுத்து நிறுத்துவதும் ஒன்றல்ல. இழுக்கக்கூடிய சுமை எவ்வளவு என்று கையேட்டில் பார்த்து, அதற்குள்தான் ஏற்ற வேண்டும்.

ஆயில் அளவைப் பார்ப்பது எப்போதும் சமதளத்தில், லிஃப்ட் கை கீழே இறங்கி, டிப்பர் தொட்டியும் இறங்கியிருக்கும்போது. தூக்கிய நிலையில் பார்த்து ஊற்றினால், இறக்கியதும் ஆயில் பொங்கி வழியும்.

ஹோஸ், கப்ளர் வாங்கும்போது

ஹோஸின் மேலே அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். அரை அங்குல ஹோஸில் ஒற்றைக் கம்பிப் பின்னல் உள்ள ஆர்1 வகை சுமார் 160 பார் வரை தாங்கும். இரட்டைப் பின்னல் உள்ள ஆர்2 வகை 275 பார் வரை தாங்கும். டிராக்டர் அழுத்தம் 150 பாரைத் தாண்டினால் ஆர்2 வாங்குவதே நல்லது. கடையில் "ஹைட்ராலிக் ஹோஸ்" என்று மட்டும் கேட்டு வாங்கி வராதீர்கள்.

கப்ளர் விவசாயக் கருவிகளுக்கான ஐ.எஸ்.ஓ. 5675 அளவில் இருந்தால், ஊரில் வேறு டிரெய்லர் வாடகைக்கு எடுத்தாலும் பொருந்தும். மூடி உள்ளதாக வாங்குங்கள். கொள்ளிடக் கரைச் சேற்றிலும் பண்ருட்டி செம்மண் புழுதியிலும் திறந்து கிடக்கும் கப்ளர் வழியாக மண் நேரே பம்புக்குள் போகும். வாடகை டிரெய்லரின் பழைய ஆயிலும் உங்கள் வண்டிக்குள் கலக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தம். உடனே மாற்ற வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட நான்கு விஷயங்கள்

1. ஒழுக்கைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித்துளை வழியாகப் பீய்ச்சும் ஆயில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஒரு அட்டையைப் பிடித்துப் பாருங்கள்.

2. ஆயில் தோலுக்குள் போனால் முள் குத்தியதுபோல்தான் இருக்கும், வலியும் பெரிதாக இருக்காது. "காலையில பாத்துக்கலாம்" என்று இருந்தால் விரல், கை என்று அழுகிப்போகும் ஆபத்து உண்டு. 108-ஐ அழைத்து, கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே போங்கள். "உயர் அழுத்த ஆயில் உள்ளே போயிருக்கு" என்று மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம்.

3. தூக்கிய தொட்டிக்கு அடியில் இரும்பு முட்டு கொடுக்காமல் யாரும் நுழையக் கூடாது. ஹோஸ் வெடித்தால் தொட்டி விழுவதற்கு ஒரு நொடி போதும்.

4. தொட்டியைத் தூக்கும் முன் மேலே நிமிர்ந்து பாருங்கள். வயலில் மின்கம்பி தாழ்ந்து தொங்கினால் மின்னகம் 94987 94987 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். சரிவிலும் வரப்போரத்திலும் டிப்பரைத் தூக்கவே வேண்டாம்.

ஹோஸைக் கழற்றும்போது என்ஜினை நிறுத்தி, லிவரை முன்னும் பின்னும் ஆட்டி அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுக் கழற்றுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

விதிகள் என்ன சொல்கின்றன?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. பின்னால் ஒரு வால்வு வைப்பதோடு நிறுத்தாமல் வண்டி அமைப்பையே வெட்டி ஒட்டும் வேலை என்றால், முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். வாரண்டி காலம் முடியாத வண்டி என்றால், "இந்த வேலை செய்தால் வாரண்டி நிற்குமா?" என்று டீலரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். பட்டறையில் வால்வின் மாடலும் அமைத்த அழுத்தமும் எழுதிய ரசீது வாங்கி வையுங்கள்.

அரசு சேவை எங்கே உதவும்?

வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில் சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், மகளிர் விவசாயிகளுக்கு 50 சதவீதமும், மற்றவர்களுக்கு 40 சதவீதமும் வரம்புக்கு உட்பட்டு மானியம் வழங்கப்படுகிறது. மானியத்தில் புது மினி டிராக்டர் வாங்கப் போகிறீர்களா? அப்படியென்றால் ஹைட்ராலிக் பற்றி யோசிக்கச் சரியான நேரம் இதுதான். மாடலைத் தேர்வு செய்யும் முன்பே பின்பக்க இணைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், பிறகு பட்டறைக்கு அலைய வேண்டாம். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையத்தின் சோதனை அறிக்கையில் ஹைட்ராலிக் விவரங்களும் இருக்கும். டீலரிடம் அதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

ஆண்டில் பத்து நாள் மட்டும்தான் டிப்பரோ ரிவர்சிபிள் கலப்பையோ தேவை என்றால், வால்வு போடுவதே தேவையா என்றும் யோசியுங்கள். உழவன் செயலியில் உள்ள இ-வாடகை வசதி மூலம் வேளாண்மைப் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்குப் பதிவு செய்யலாம். சந்தேகம் இருந்தால் கடலூர் அல்லது சிதம்பரத்தில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்துக்கு வண்டியின் கையேட்டை எடுத்துக்கொண்டு போங்கள். கிசான் அழைப்பு மையம் 1800 180 1551 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தமிழில் பேசலாம்.

பட்டறையில் கேட்க ஐந்து கேள்விகள்

• என் வண்டியில் கம்பெனி விட்ட வழி ஏற்கெனவே இருக்கா?
• வால்வில் பவர் பியாண்ட் இருக்கா?
• ரிலீஃப் எத்தனை பாரில் அமைக்கப் போறீங்க, கேஜ் வெச்சுக் காட்டுவீங்களா?
• திரும்பும் ஆயில் எங்கே போகுது, தொட்டிக்கு நேராவா?
• என் டிப்பர் சிலிண்டர் எத்தனை லிட்டர் எடுக்கும், அது என் கியர்பாக்ஸுக்குத் தாங்குமா?

ஐந்துக்கும் தயங்காமல் பதில் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை நம்பி விடலாம். "அதெல்லாம் எதுக்குங்க, நான் பாத்துக்கிறேன்" என்று பதில் வந்தால், சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.