மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்பவர்கள்

பட்டர்வொர்த்தில் பெரி ஏறிப் பினாங்குக் கரையில் இறங்கி, சூலியா தெருவுக்குள் நுழைந்து, நாகூர் தர்காவைத் தாண்டி நடந்தால் எங்கள் வீடு வந்துவிடும். தோட்டத்து உறவினர் யாருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தாலும், முதல் நாள் இரவு எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் பாய் விரிப்பார்கள்.

கெடாவிலிருந்து சின்னம்மா வந்ததும் அப்படித்தான். ஒரு மாதமாக இருமல். வெற்றிலையில் தேன் தடவித் தின்று பார்த்தார், கசாயம் வைத்துக் குடித்துப் பார்த்தார். உடம்பு இளைத்ததே தவிர இருமல் நிற்கவில்லை. கடைசியில் கிளினிக்கில் கடிதம் எழுதி, எக்ஸ்ரே எடுத்து வரும்படி அனுப்பிவிட்டார்கள். சின்னம்மாவுக்கு நோயைவிட எக்ஸ்ரேதான் பயம். “தாலியைக் கழற்றச் சொல்வாங்களாமே! சித்தப்பா உயிரோட இருக்கையிலே நான் எப்படிக் கழற்றுவேன்?” என்று இரவெல்லாம் புலம்பினார்.

தாலி மேல் அவர்களுக்கு என்ன கோபம் என்று நம் தாய்மார்கள் கேட்கலாம். இதற்கு விடை தேட 1895-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் என்ற பேராசிரியர், நவம்பர் 8-ஆம் நாள் மாலை தம் ஆய்வுக்கூடத்தில் இந்தக் கதிரைக் கண்டார். இன்னதென்று புரியாததால் ‘எக்ஸ்’ என்று பெயர் வைத்தார். டிசம்பர் 22-ஆம் நாள் தம் மனைவியின் கையை அதில் படம் பிடித்தார். எலும்பு விரல்கள் தெரிந்தன. ஒரு விரலில் கன்னங்கரேலென்று மோதிரமும் தெரிந்தது! சதையை ஊடுருவும் கதிரை உலோகம் மறித்துவிடுகிறது. நெஞ்சின் மேல் தொங்கும் தாலிக்கொடியும் அப்படித்தான் படத்தில் விழும். அதன் பின்னால் நுரையீரலில் ஒரு சிறு புள்ளி ஒளிந்திருந்தால் டாக்டர் எப்படிக் காண்பார்?

ராண்ட்ஜனுக்கு 1901-இல் இயற்பியலின் முதல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வாங்கிப் பணம் பண்ண அவர் நினைக்கவில்லை. அதனால்தான் சில ஆண்டுகளிலேயே கருவி உலகெங்கும் பரவியது. மலாயாவில் முதலில் எக்ஸ்ரே கண்ட ஊர் தங்கள் ஊர்தான் என்று தைப்பிங்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்றே பர்னார்டு நிலையம் 1934-இல் தொடங்கப்பட்டது.

நல்ல கதிர் கெட்ட கதிரும்கூட என்பது முதலில் யாருக்கும் தெரியவில்லை. கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, படம் எடுப்பவர்கள் தங்கள் கையையே அதன் முன்னால் நீட்டினார்கள். நாளடைவில் தோல் வெந்தது, புண் ஆறவில்லை, விரல்கள் போயின, புற்றுநோயில் பலர் மாண்டார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஓர் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் இவர்களுக்காக 1936-இல் நினைவுக்கல் நாட்டினார்கள். அப்போதே அதில் 169 பெயர்கள். யாரோ எவரோ, நமக்காக விரலைக் கொடுத்தவர்கள்!

“கெடுதல் இல்லை என்கிறவர் ஏன் சுவருக்குப் பின்னால் போய் நிற்கிறார்?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நெஞ்சை ஒருமுறை படம் எடுத்தால் நம் மேல் படுவது, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சில நாட்களில் இயற்கையாகவே நம் மேல் படும் அளவுதான். நமக்கு அது ஒருமுறை. அவருக்கோ நாள் முழுதும், வருடம் முழுதும் அதே வேலை. அதனால்தான் ஈயச் சுவர், ஈயக் கண்ணாடி. சட்டையில் குத்தியிருக்கிறாரே சிறு வில்லை, அது அலங்காரம் அல்ல. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கு வைப்பது. கர்ப்பமாக இருக்கிறீர்களா என்று அவர் பெண்களைக் கேட்பதும் வீண் விசாரணை அல்ல. வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு மனத்தாங்கலும் நம்மவரிடம் உண்டு. “படம் எடுத்த பிள்ளையிடம் என்ன இருக்குன்னு கேட்டேன், டாக்டரைக் கேளுங்கன்னு சொல்லிட்டுது” என்பார்கள். திமிர் என்று எண்ண வேண்டாம். படத்தைப் படித்து முடிவு சொல்வது டாக்டரின் பொறுப்பு. அதிலே கெட்டது எதையாவது கண்டுகொண்டாலும், முகத்தில் காட்டாமல் “அடுத்தவர் வாங்க” என்று கூப்பிடுவது லேசான வேலையா?

செம்பனைக் குலை விழுந்து தோள் முறிந்தவனை வலிக்காமல் திருப்பிப் படுக்க வைப்பவர் இவர். எழுந்திருக்க முடியாத நோயாளியின் கட்டிலுக்கே சக்கரம் வைத்த கருவியை நடுச்சாமத்தில் தள்ளிக்கொண்டு போகிறவரும் இவர்தான். 2020-இல் கோவிட் வார்டுகளுக்குள்ளும் அந்தக் கருவி போயிற்று. தள்ளிக்கொண்டு போக ஆளும் வேண்டியிருந்தது. நோயாளி குணமாகி வீட்டுக்குப் போகையில் டாக்டருக்கும் தாதிக்கும் கும்பிடு போடுவார். எக்ஸ்ரே அறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பவர் குறைவு.

சின்னம்மா கதைக்கு வருகிறேன். உள்ளே போனவர் பத்து நிமிடத்தில் சிரித்தபடி வெளியே வந்தார். முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண். சின்னம்மா தாலியை இறுகப் பிடித்துக்கொண்டதுமே புரிந்துகொண்டாளாம். “தாலி? தாக் அபா, மக்சிக், தாக் பாயா புக்கா” என்றாளாம். கழற்ற வேண்டாம், கொடியை மேலே தூக்கி வாயில் கவ்விக்கொள்ளுங்கள் என்று தன் கழுத்தில் கையை வைத்துச் செய்து காட்டினாளாம். பிறகு கண்ணாடிக்குப் பின்னாலிருந்து தமிழிலேயே, “மூச்சு இழு... பிடி... விடு!” நம் ஆட்களிடமே கற்றுக்கொண்ட தமிழ்!

படத்தில் வலது நுரையீரலின் மேல்புறம் நிழல் தெரிந்தது. சளிச் சோதனை காசநோய் என்று உறுதி செய்தது. லயத்தில் யாரும் பக்கத்தில் வரமாட்டார்களே என்று சின்னம்மா அழுதார். ஆறு மாதம், ஒரு நாளும் தவறாமல் மாத்திரை. வீட்டிலிருந்த எல்லாரையும் கூப்பிட்டுச் சோதித்தார்கள், பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் கசாயத்தை நம்பிக் காத்திராமல் கிளினிக்குக்குப் போங்கள் என்று இப்போது தோட்டத்தில் எல்லாருக்கும் சொல்கிறவர் சின்னம்மாதான்.

ஆறு மாதம் கழித்து மறுபடி எக்ஸ்ரேக்கு வந்தார். அன்று அறையில் வேறொரு பையன் இருந்தானாம். அவன் வாயைத் திறக்கும் முன்பே சின்னம்மா தாலிக்கொடியைத் தூக்கிக் கவ்விக்கொண்டு, மூச்சையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாராம். “இன்னும் கருவியே போடலை, மக்சிக், மூச்சு விடுங்க” என்று அவன் சிரித்துவிட்டானாம்.