ராடும் மின்முனையும்

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணைப் பறிப்பது வெல்டிங் பொறிதான். அங்கே வேலை பழகும் பையனின் படிப்பு பாதியில் நின்றிருக்கலாம். ஆனாலும் ஈரம் பட்ட வெல்டிங் ராடைச் சூடேற்றாமல் தொடக்கூடாது என்பது அவனுக்குத் தெரியும், மேஸ்திரி சொல்லியிருக்கிறார். ராடின் மேல்பூச்சில் ஏறிய ஈரம் வாயுவாகிப் பற்றவைப்பில் பொத்தல் விழச் செய்யும் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்தக் காரணத்தைச் சொல்லித் தரத்தான் சமுதாயக் கல்லூரிகள் வந்தன. 1995இல் புதுச்சேரியிலும் அடுத்த ஆண்டு சென்னையிலும் தொடங்கிய முயற்சி இது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிற்பாடு இத்தகைய கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2012-13இல் தனித் திட்டமே வகுத்தது. உள்ளூர்த் தொழிலை ஒட்டிய படிப்பு என்பதே இவற்றின் உயிர். ஆனால் சேலத்து ஜவ்வரிசிக்கும் வெள்ளிக் கொலுசுக்கும், திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிக்கும் பாடநூல் கேட்டால் எந்தப் புத்தகக் கடைக்காரர் எடுத்துத் தருவார்?

ஆசிரியர் இணையத்தில்தான் துழாவ வேண்டும். துழாவினால் கை வெறுமனே திரும்பாது. ஐ.டி.ஐ. பாடநூல்களைத் தயாரிக்கும் தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. ‘பாரத் ஸ்கில்ஸ்’ தளத்தில் வெல்டர், எலக்ட்ரீஷியன் என்று தொழில்வாரியாகப் பாடமும் வினா வங்கியும் இலவசமாகக் கிடைக்கின்றன. கோழிப்பண்ணைப் பாடத்துக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளம் தமிழிலேயே இருக்கிறது.

கணினி கற்பிப்பவர்களுக்கு மும்பை ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ பெரிய வரம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம். பலவற்றுக்குத் தமிழ்க் குரல் உண்டு. திரையின் ஒரு பாதியில் பாடம் ஓட, மறுபாதியில் மாணவர் தானே செய்து பார்க்கலாம். கைப்பேசியில் இது சரிப்படாது. ஆகவே கல்லூரிக் கணினிகளில் முன்கூட்டியே இறக்கி வைப்பதுதான் வழி. திறந்த உரிமத்தில் இருப்பதால் பாடங்களைப் பகிரத் தடையில்லை. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்.பி.டெல். விரிவுரைகள் ஆசிரியரின் சொந்தத் தயாரிப்புக்கு உதவும். பட்டறைப் பையனிடம் அவற்றை அப்படியே நீட்டினால் மிரண்டுவிடுவான்.

இத்தனை இருந்தும் இடையில் ஒரு சொல் மறிக்கிறது. பட்டறையில் ராடு, புத்தகத் தமிழில் மின்முனை, ஆங்கிலத் தளத்தில் எலக்ட்ரோடு. மூன்றும் ஒன்றுதான் என்று தெரியாதவன் தேடல் பெட்டியில் எதைத் தட்டுவான்? தளங்களின் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது அவனைக் கைவிடுவதற்குச் சமம். ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு காணொளியைத் தேர்ந்தெடுத்து, அதிலும் எந்த மூன்று நிமிடம் தேவை என்று குறித்து, பட்டறைச் சொல்லையும் பாடச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கற்பித்தலில் மெனக்கெட வேண்டிய இடம் இதுதான்.

இணையத்தில் இல்லாததை உள்ளூரிலேயே எடுத்துக்கொள்ளலாம். கொலுசுக்குப் பற்றவைக்கும் கையையோ, மரவள்ளிப் பாலைத் தொட்டியில் தெளியவிடும் முறையையோ, வேலை செய்பவரின் சம்மதத்தோடு ஐந்து நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்தால் போதும். தலைப்பில் பட்டறைச் சொல், பாடச் சொல் இரண்டையும் சேர்த்துவிட்டால், அடுத்த ஆண்டு சேரும் பையன் ‘ராடு’ என்று தட்டினாலும் மின்முனைப் பாடம் அவன் திரைக்கு வந்துவிடும்.