ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ப் பாருங்கள்

நெய்வேலி நகரியத்தில் இருப்பவர்களுக்கு வீடு என்பது நிலக்கரி நிறுவனம் கொடுப்பது. 1956-ல் நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்து அதுதான் பழக்கம். வேலையில் சேர்ந்தால் ஏதாவது ஒரு வட்டத்தில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். கூரை ஒழுகினால் புகார் எழுதிக் கொடுப்போம், ஆள் வருவார். கொத்தனார் யார், சிமென்ட் எந்த ரகம் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருந்ததில்லை. ஓய்வு பெற்றதும் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் ஆர்ச் கேட்டுக்கு வெளியே வடக்குத்திலோ, இந்திரா நகரிலோ, மந்தாரக்குப்பத்திலோ, வடலூரிலோ சொந்த வீடு எழும்பியிருக்க வேண்டும். ஆக, வயதான காலத்தில் முதல் தடவையாக ஒரு பில்டரைத் தேடுகிறார்கள். பி.எஃப்., கிராஜுவிட்டி என்று மொத்தமாக வரும் பணம் கையில் இருக்கும். தேடுகிற நேரம்தான் இருக்காது.

என் அப்பா கொத்தனார். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்து, அறுபதுகளில் இந்தக் குவார்ட்டர்ஸ் சுவர்களை எழுப்பியவர்களில் ஒருவர். பிறகு மேஸ்திரி ஆனார். நான் சுரங்கத்தில் வேலை பார்த்தவருக்கு வாழ்க்கைப்பட்டு, அதே குவார்ட்டர்ஸில் குடித்தனம் நடத்தினேன். வடக்குத்தில் எங்கள் வீடு கட்டும்போது வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போய்விடுவார். சைட்டில் நின்றது நானும் அப்பாவும்தான். அதனாலோ என்னவோ, தெரிந்தவர்கள் வீடு கட்டும் பேச்சை எடுத்தால் என்னையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இப்போதும் ஒரு குடும்பத்துக்காகப் போய்வந்துகொண்டிருக்கிறேன். அந்த வீட்டுக்காரருக்கு ஓய்வு நெருங்குகிறது. இந்திரா நகரில் மனை வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.

முதல் நாள் அந்தம்மா என்னிடம் சொன்னது இது: "அக்கா, என் தம்பி மச்சினனுக்குத் தெரிஞ்ச ஆளு. வீடெல்லாம் அழகா கட்டிக் குடுத்திருக்காரு. போன்ல போட்டோ காட்டினாரு."

போட்டோவில் இருந்தவை எல்லாம் கிரகப்பிரவேசத்தன்று எடுத்தவை. புதுப் பெயின்ட், மாவிலைத் தோரணம், பளபளக்கும் டைல்ஸ். கிரகப்பிரவேசத்தன்று எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். எனக்கு வேண்டியது அவர் ஐந்து வருஷத்துக்கு முன்னால் கட்டிக்கொடுத்த வீடு. நம் கடலூர் மாவட்டத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மழை எப்படிப்பட்டது என்று தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இங்கே அடித்த அடியில் பலா, முந்திரித் தோப்புகளே சாய்ந்தன. 2015 நவம்பர் வெள்ளத்தையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். சில மழைக்காலங்களைப் பார்த்த வீடு உண்மையைச் சொல்லிவிடும். மாடிப்படி கூரையோடு சேரும் இடம், சன்ஷேடுக்கு மேல் சுவர், பாத்ரூமுக்கு வெளிப்புறச் சுவரின் அடிப்பக்கம் ஆகிய மூன்று இடங்களையும் பார்த்தால் போதும். பெயின்ட் உப்பியிருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் இருந்தால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது, ஒரு பொறியாளரிடம் காட்டிக் காரணம் கேட்க வேண்டும். பூச்சில் முடிபோல் ஓடும் கோடுகளுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம்.

அந்த வீட்டம்மாவிடம் கேட்க வேண்டியது, ஒழுகியதா என்பது மட்டுமல்ல. எந்த வீட்டிலும் ஏதாவது ஒரு குறை வரும். குறை வந்து போன் பண்ணியபோது எடுத்தாரா, ஆள் அனுப்பினாரா, எத்தனை தடவை கூப்பிட வேண்டியிருந்தது என்று கேட்க வேண்டும். பில்டரின் பெயர் நல்ல பெயரா இல்லையா என்பது அங்கேதான் தெரிகிறது.

அடுத்தது, இப்போது அவர் வேலை நடத்திக்கொண்டிருக்கும் சைட். இங்கேதான் அப்பாவின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மேஸ்திரியை எடைபோட வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போவார். ஆட்கள் இருக்க மாட்டார்கள், காட்டுவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். போன வாரம் போட்ட தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிறதா? பில்லரில் சாக்கு சுற்றியிருக்கிறதா, அந்தச் சாக்கைப் பிழிந்தால் ஈரம் இருக்கிறதா? லீவு நாளிலும் தண்ணீர் விட ஓர் ஆளை வைத்திருப்பவர் மற்ற வேலைகளிலும் பொறுப்பாக இருப்பார் என்பது அவர் கணக்கு. நானும் இன்றுவரை அதைத்தான் நம்புகிறேன்.

தண்ணீர் ஏன் இவ்வளவு முக்கியம்? கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து வேதிவினையால் இறுகுகிறது. தண்ணீர் ஆவியாகிப் போய்விட்டால் அந்த வினை பாதியில் நின்றுவிடும்; மேலே கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே பலம் ஏறியிருக்காது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமென்டுக்கு 10 நாளும் ஈரம் காக்கச் சொல்கிறது. வறண்ட வெயில் காலத்தில் அது 10, 14 என்று கூடும். இன்று கடையில் நாம் வாங்கும் பி.பி.சி. சிமென்டில் அனல் மின் நிலையச் சாம்பல் 15 முதல் 35 சதவீதம் வரை கலந்திருக்கிறது. நம் ஊர்ப் புகைபோக்கிகளிலிருந்து பிரித்தெடுக்கும் சாம்பலும் சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறது. அது நல்ல சிமென்ட்தான். ஆனால் மெதுவாகப் பலம் பிடிக்கும், தண்ணீரை அதிக நாள் கேட்கும். நெய்வேலி சித்திரை வெயிலில் மூன்று நாள் குழாயைக் காட்டிவிட்டு நிறுத்துகிறவரிடம் வீட்டைக் கொடுக்கக் கூடாது.

சாம்பல் கல்லுக்கும் இதே பேச்சுதான். சுற்றுவட்டாரத்தில் நிறையப் பேர் சாம்பல் கல் போடுகிறார்கள், அளவு ஒரே சீராக இருக்கும், பூச்சும் குறைவாகப் பிடிக்கும். ஆனால் அச்சிலிருந்து எடுத்துச் சில நாளிலேயே லாரியில் ஏற்றி வந்த கல் சுவரில் ஏறிய பிறகுதான் சுருங்கும். பூச்சு வெடிப்பது அதனால்தான். கல் எங்கே வாங்குகிறீர்கள், எத்தனை நாள் நனைத்த கல் என்று பில்டரிடம் கேளுங்கள். பதில் தெரிந்தவர் உடனே சொல்வார்.

மண் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெய்வேலியைச் சுற்றி இருப்பது பெரும்பாலும் செம்மண், முந்திரிக்காட்டு மண். அஸ்திவாரத்துக்குப் பெரிய தொல்லை தராது. விருத்தாசலம், திட்டக்குடிப் பக்கம் கரிசலுக்குப் போய்விட்டால் கதை வேறு. மழையில் உப்பி, வெயிலில் சுருங்கும் மண் அது. பள்ளத்தை மேடாக்கி விற்ற மனையானாலும் ஆபத்துதான். மண்ணைப் பரிசோதிக்காமலே "அஞ்சடி கடைக்கால் போதும் சார்" என்று சொல்பவர் அந்த மனையை நினைத்துச் சொல்லவில்லை.

கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள்தான் முக்கியமான நாள். மறுநாள் எல்லாம் மறைந்துவிடும். கம்பி சென்ட்ரிங் பலகையில் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தளத்துக்கு 20 மில்லிமீட்டர், பில்லருக்கு 40, அஸ்திவாரத்துக்கு 50 என்று இடைவெளி விட கவர் பிளாக் வைத்திருக்க வேண்டும். ஜல்லித் துண்டை முட்டுக்கொடுத்திருந்தால் நகர்ந்துவிடும், கம்பி வெளிப்பக்கம் வந்து நாளடைவில் துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி உப்பி, காரையைத் தள்ளும். கூரையிலிருந்து காரை விழுகிற பழைய வீடுகளில் நடந்தது பெரும்பாலும் இதுதான். கம்பியின் எடையையும் பார்க்கலாம்: 12 மில்லிமீட்டர் கம்பி, 12 மீட்டர் நீளம், சுமார் 10.66 கிலோ இருக்க வேண்டும். அதிலிருந்து ரொம்பக் குறைந்தால் கம்பி மெலிந்தது. சிறந்த பில்டர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். எங்கள் வீட்டுக் காண்டிராக்டர் கம்பி கட்டியதும் அப்பாவைத் தானே கூப்பிட்டு, "பெரியவரே, ஒரு சுத்து பாத்துடுங்க" என்பார். "என் மேல நம்பிக்கை இல்லையா" என்று முகம் சுளிக்கிறவரும் இருக்கிறார். நம்பிக்கைக்கும் பார்ப்பதற்கும் சம்பந்தமில்லை.

இந்திரா நகர் குடும்பத்துக்கு இரண்டு பேர் ரேட் கொடுத்திருந்தார்கள். ஒருவருடைய சதுர அடி ரேட் நன்றாகக் குறைவு. அவரையே முடிவு பண்ணிவிடும் நிலையில் இருந்தார்கள். இரண்டு பேப்பரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். குறைந்த ரேட்காரர் தாளில் சம்ப் இல்லை, செப்டிக் டேங்க் இல்லை, காம்பவுண்டு சுவர் இல்லை, மாடிப்படி மேல் அறை இல்லை. டைல்ஸ் என்ன விலையில், வயர் எந்தக் கம்பெனி, கதவு எந்த மரம் என்று எதுவும் இல்லை. "நல்ல தரம்" என்று மட்டும் எழுதியிருந்தது. விட்டுப்போனதெல்லாம் பின்னால் எக்ஸ்ட்ரா ஒர்க் என்று வரும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது வித்தியாசம் அநேகமாக மறைந்துவிட்டது. சதுர அடி என்று எதை அளக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். போர்டிகோ முழுசா, பாதியா? சன்ஷேடு கணக்கில் வருமா? இதையெல்லாம் எழுதி வாங்காவிட்டால் கடைசி பில்லில்தான் தெரியும்.

சட்டம் எங்கே உதவும் என்று தெரிந்துகொள்வதும் நல்லது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ல் வந்தது. 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 12 சென்டுக்கு மேற்பட்ட இடத்திலோ, எட்டுக்கு மேற்பட்ட வீடுகளாகவோ கட்டி விற்பவர் தமிழ்நாட்டு ஆணையத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் போடாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்குகிற பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், சொல்லிய 30 நாளுக்குள் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். ஆனால் நெய்வேலிக்காரர்களில் பெரும்பாலோர் சொந்த மனையில், ஒரு காண்டிராக்டரை வைத்து, ஒரே வீடு கட்டுகிறார்கள். அதற்கு இந்தச் சட்டத்தின் காவல் இல்லை. நுகர்வோர் சட்டம் உண்டு: வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது; 2019 சட்டத்திலும் அது இருக்கிறது. கடலூர் மாவட்ட ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். அங்கே பேசப்போவது நம் கையில் இருக்கும் காகிதங்கள்தான்.

பிளான் அப்ரூவல் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் இடிந்து 61 பேரைப் பலிகொண்ட 11 மாடிக் கட்டடத்துக்கும் திட்ட அனுமதி இருந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத்தான் தகர்த்தார்கள். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, உரிமையாளரின் சுயசான்றின் பேரிலேயே அரசு அனுமதி தருகிறது. அலைச்சல் குறைந்தது, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் சான்று கொடுப்பது நாம். ஆகவே பார்க்க வேண்டியதும் நாம். நம்மால் முடியாதென்றால், பில்டருக்குச் சம்பந்தமில்லாத ஒரு சிவில் பொறியாளருக்குக் கட்டணம் கொடுத்து, அஸ்திவாரம், பெல்ட், லின்டல், தளம் என்று ஒவ்வொரு கட்டத்திலும் வரவழைக்கலாம். மொத்தச் செலவோடு பார்த்தால் அது சின்னத் தொகை.

பணத்தைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வேலை முன்னால் போக வேண்டும், பணம் பின்னால் வர வேண்டும். அஸ்திவாரம் முடிந்ததும் இவ்வளவு, தளம் போட்டதும் இவ்வளவு, பூச்சு முடிந்ததும் இவ்வளவு என்று பிரித்து, வங்கி வழியாகக் கொடுக்க வேண்டும். ஓய்வுப் பணம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் "சிமென்ட் விலை ஏறப்போகுது, மொத்தமா குடுத்தா சரக்கு இறக்கிடலாம்" என்பார்கள். இதை நம்பித் தளம் ஏறுவதற்கு முன்பே முக்கால்வாசிப் பணத்தைக் கொடுத்த குடும்பத்தை எனக்குத் தெரியும். அந்த மனிதர் வேறு சைட்டுக்குப் போய்விட்டார். இவர்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைப் பார்த்தபடி வாடகை வீட்டில் இருந்தார்கள். கடைசியில் ஐந்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் தாண்டும் வரை நிறுத்தி வைக்கவும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்திரா நகர் வீட்டுக்கு இரண்டாவது காண்டிராக்டரையே பேசி முடித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சைட்டுக்குப் போனபோது ஒரு வயதான அம்மா தளத்துப் பாத்தியில் குழாயைப் போட்டுவிட்டுச் சன்ஷேடு நிழலில் உட்கார்ந்திருந்தார். ஒப்பந்தத்தில் அவர் கேட்ட மாற்றம் ஒன்றுதான்: ஐந்து சதவீதம் நிறுத்துவதற்குச் சம்மதம், ஆனால் அது மழை முடிந்து தை மாதம் பத்தாம் தேதிக்குள் கைக்கு வர வேண்டும் என்று தேதியும் எழுத வேண்டும். நியாயமான கோரிக்கை. எழுதிக் கொடுத்தோம்.