மண்புழுவைத் தின்னும் தட்டைப்புழு – உரத் தொட்டியைக் கவனியுங்கள்!

மண்புழு உரம் தயாரிக்கும் குழுக்கள் இதை வாரக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கும்படி செய்யுங்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு குழுவில் பெரிய சண்டை. சங்கக் கடன் வாங்கித் தொட்டி கட்டி, 5 கிலோ மண்புழு விட்டிருந்தார்கள். பெருக வேண்டிய புழு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. தொட்டி இருந்தது ஒரு அக்கா வீட்டுக் கொல்லையில். "ராத்திரியில அள்ளி வித்துட்டாங்க"ன்னு பேச்சு கிளம்பி, அவரைக் குழுவை விட்டு நீக்கத் தீர்மான நோட்டில் எழுதும் அளவுக்குப் போய்விட்டது.

நாங்கள் போய் எறும்பா, எலியா, கோழியா, பச்சைச் சாணியின் சூடா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் மேலே மூடியிருந்த ஈரச் சாக்கைப் புரட்டினால், அடியில் வழவழவென்று நீளமாக ஏதோ நெளிகிறது. அட்டை என்றார் ஒருவர், பாம்புக் குட்டி என்றார் இன்னொருவர். இரண்டும் இல்லை. அதுதான் தட்டைப்புழு.

அடையாளம் சுலபம். தலை அரைவட்டமாக, மண்வெட்டி போல விரிந்திருக்கும். வெளிர் பழுப்பு உடம்பில் முதுகு நெடுகக் கருங்கோடுகள் ஓடும். ஒரு அடி வரைகூட நீளும். மண்புழுவுக்கு இருப்பது போல வளையம் வளையமாக இருக்காது. தென்கிழக்கு ஆசியாதான் இதற்குச் சொந்த ஊர். 1878-ல் லண்டன் கியூ தோட்டத்துக் கண்ணாடி வீட்டில் பார்த்துத்தான் இதற்குப் பெயர் வைத்தார்கள். செடித் தொட்டி மண்ணோடு ஒட்டிக்கொண்டு பல நாடுகளுக்கும் போய்விட்டது. நம் நாட்டிலும் இருக்கிறது.

இதற்கு வாய் தலையில் இல்லை, வயிற்றின் நடுவில்! மண்புழு மேல் ஏறி ஒட்டிக்கொண்டு, வாயிலிருந்து குழாய் போல ஒன்றை வெளியே நீட்டிச் சாறு விட்டுக் கரைத்து உறிஞ்சிவிடும். பகலில் ஈரத்தில் பதுங்கி, ராத்திரியில்தான் வேட்டை. அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை.

முக்கியமான விஷயம், இதை வெட்டாதீங்க. அந்தக் குழுவிலும் ஒரு தங்கச்சி பார்த்தவுடன் அரிவாளால் நாலு துண்டாக வெட்டிப் போட்டார். துண்டு சாகாது, ஒவ்வொன்றும் தலை முளைத்துத் தனிப் புழுவாகிவிடும். அதுவாகவே வால் நுனியை அறுத்து விட்டுவிட்டுப் போகும். அந்த நுனிக்கு பத்து நாளில் தலை வந்துவிடும். பெருகுவதே இப்படித்தான்.

வெறும் கையால் தொடவும் வேண்டாம். பேத்தை மீனில் உள்ள அதே விஷம் இதன் உடம்பிலும் சிறிதளவு இருப்பதாக 2014-ல் கண்டுபிடித்தார்கள். தெரியாமல் பட்டுவிட்டால் பயப்படாமல் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். குழந்தைகளை மட்டும் விலக்கி வையுங்கள்.

குச்சியால் எடுத்து, மூடி உள்ள டப்பாவில் கல் உப்போடு போடுங்கள். கொதிநீர் ஊற்றினாலும் சாகும். தொட்டிக்குள் உப்புத் தூவிடாதீங்க, மண்புழுவும் செத்துடும். பூச்சிமருந்தும் அப்படித்தான். தொட்டி மேல் ஈரச் சாக்கை விரித்து வைத்து, தினமும் காலையில் வெயில் ஏறும் முன் புரட்டிப் பார்த்துப் பொறுக்குவதுதான் வழி. அலுப்பான வேலைதான், ஆனால் வேறு குறுக்கு வழி எங்களுக்குத் தெரியவில்லை. நர்சரியில் வாங்கும் பூச்செடித் தொட்டியின் அடியையும் பார்த்துவிட்டே வீட்டுக்குள் விடுங்கள்.

ஒரு குழு இன்னொரு குழுவுக்குப் புழு கொடுப்பது நம் கூட்டமைப்பில் வழக்கம். தட்டைப்புழு வந்த தொட்டியில் இருந்து கொஞ்ச நாளைக்குக் கொடுக்க வேண்டாம். ஒரு சின்னத் துண்டு உரத்தோடு போனாலே போதும், அடுத்த குழுவின் கடனும் சிக்கலாகிவிடும்.

அந்தக் குழுவில் முதல் வாரத்தில் மட்டும் 23 பிடித்தார்கள். இரண்டு மாதம் கழித்தும் ஒன்றிரண்டு அகப்படுகிறது. மண்புழு மெல்லக் கூடி வருகிறது. நோட்டில் எழுதிய தீர்மானத்தை அடித்துவிட்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அக்கா மட்டும் தொட்டியை இனி வேறு வீட்டில் வையுங்கள் என்று சொல்லிவிட்டார்.